சுவர் சாயாமல் ஒரு படம்

“லேசா சுளுக்கிருச்சும்மா, ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்” என்று மகள் போனில் சொன்னதை நம்பித்தான் டெல்லிக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் வந்து நின்றவளைப் பார்த்தால், வலது கையில் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. சுளுக்குக்கு யார் மாவுக்கட்டுப் போடுகிறார்கள்?

“ஒடிஞ்சிருச்சுன்னு சொன்னா ரயில்ல ரெண்டு நாளும் அழுதுக்கிட்டே வருவ” என்றாள்.

அழுகை வந்திருக்கும், அது வாஸ்தவம். ஆனால் அழுதிருக்க மாட்டேன். அழுதால் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு மூட்டை சுமப்பதைவிடச் சிரமம்.

மகள் பெயர் செல்வி. நாற்பத்திரண்டு வயது. டெல்லிக்கு வந்து இருபது வருஷமாகிறது. கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் தொழில். கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுக்க மாட்டாளா என்று ஊரில் என்னிடம் கேட்பார்கள். அவளிடம் கேட்டால், “கட்டடம் கண்ணைச் சிமிட்டாதும்மா” என்பாள். நான் அருப்புக்கோட்டைப் பக்கம் முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். நான் கல் ஏற்றிக் கொடுத்த கட்டடங்களை ஒருத்தரும் படம் எடுத்தது கிடையாது.

துவாரகாவில் ஏழாவது மாடியில் அவள் வீடு. ராத்திரி ரசம் வைத்துக் கொடுத்தேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சரோஜினி நகரில் அரசாங்க ஊழியர் குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸை இடித்துக்கொண்டு வருகிறார்கள். இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மாதிரி வீட்டையும் பெரிய பிலிமில் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லி ஒரு அரசாங்க ஆபீசில் இவளிடம் வேலை கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஒன்றே ஒன்று பாக்கி. அதற்குள் ஸ்டூலிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

“ஆபீசுல சொன்னியா?”

“சொன்னா வேற ஆளுகிட்டக் குடுத்துருவாங்க. ஒருத்தன் ரெடியா நிக்கிறான். இதை முடிச்சாத்தான் அடுத்த வேலையும் எனக்கு வரும். வெள்ளிக்கிழமை குடுக்கணும்மா. நீதான் எனக்குக் கை.”

சித்தாள் வேலையை விட்டு எட்டு வருஷமாயிற்று. டெல்லிக்கு வந்து திரும்பவும் சேர்ந்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலையில் கிளம்பினோம். கேமராவை நிறுத்துகிற மூன்றுகால் கட்டை ஒரு பையில் இருந்தது. நல்ல கனம். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டேன். “யம்மா, இறக்கும்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் செல்வி. பார்ப்பார்கள்தான். ஆனால் தோளில் மாட்டினால் பை முழங்காலில் இடிக்கிறதே.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே தகராறு. எல்லாப் பையையும் ஒரு மெஷினுக்குள் விட வேண்டுமாம். இவளுடைய பிலிமுக்கு அந்த மெஷின் வெளிச்சம் ஆகாதாம். கையால் சோதித்துக்கொள்ளுங்கள் என்று இவள் கெஞ்ச, காவலுக்கு நின்ற பெண் முடியாது என்று தலையாட்ட, பின்னால் நின்ற வரிசை “ஜல்தி, ஜல்தி” என்று முணுமுணுக்க, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் துணிச்சந்தை வாசலில் இறக்கிவிட்டு, சரோஜினி நகர் என்றால் இதுதான் என்று சாதித்தார். அந்தக் கூட்டத்துக்குள் சட்டைகளும் ஸ்வெட்டர்களும் மலைமலையாகக் கிடந்தன. நான் தலைச்சுமையோடு போக, ஒரு அம்மாள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தி என்னவோ கேட்டார். துணி காயப்போடுகிற ஸ்டாண்டு என்ன விலை என்று கேட்டாராம். செல்வி சிரித்துச் சிரித்து மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் போன சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு பிளாக்குகள், அச்சு மாறாமல் ஒரே மாதிரி. மூன்று மாடி, ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைப் பார்த்த பால்கனி. சுவரில் கறுப்புப் பெயிண்டில் பதினொன்று, பன்னிரண்டு என்று நம்பர். எடுக்க வேண்டியது பதினொன்றாம் நம்பர். அது காலி, சாவி காவலாளியிடம் இருந்தது. பன்னிரண்டிலும் எல்லாம் பூட்டுத்தான், முதல் மாடியில் ஒரு வீட்டில் மட்டும் இன்னும் ஆள் இருந்தார்கள்.

கேமராவைச் சொல்ல வேண்டும். பெட்டி மாதிரி இல்லை. முன்னால் ஒரு சட்டம், அதில் லென்ஸ். பின்னால் ஒரு சட்டம், அதில் பால் கண்ணாடி. நடுவில் ஆர்மோனியப் பெட்டிக்கு இருப்பது போலக் கறுப்புத் துருத்தி. கறுப்புத் துணியைத் தலையோடு மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் கட்டடம் தலைகீழாகத் தொங்குகிறது. மொட்டை மாடி கீழே, மண் மேலே. எனக்குக் கிறுகிறு என்று வந்தது.

“கேமராவை அண்ணாந்து பாக்க வச்சா கட்டடம் மல்லாந்து விழுற மாதிரி வரும்மா. மேல போகப் போகக் குறுகிரும். அதனால கேமரா முதுகு சுவர் மாதிரி நெட்டுக்குத்தா நிக்கணும். லென்ஸ் மட்டும் மேல ஏறணும். அப்பத்தான் சுவர் சாயாது.”

தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேஸ்திரியைப் பார்ப்போமே, அது மாதிரிதான். அந்தப் பார்வையில் எனக்கு நல்ல பழக்கம். உடனே புரிந்துவிட்டது.

கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு ரசமட்டம் பதித்திருந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், அதற்குள் ஒரு குமிழி. கொத்தனார் வைத்திருப்பது குட்டி போட்டது போல இருந்தது. டெல்லியில் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

இருந்தது மூன்று பிலிம். வெளியூரிலிருந்து வர வேண்டுமாம், மாதக்கணக்காகுமாம். ஒரு படத்துக்கு இரண்டாக எடுப்பது அவள் வழக்கம், ஒன்றில் தூசி விழுந்தாலும் இன்னொன்று இருக்கும். அவள் கேமராவை நிறுத்தினாள். திருகாணிகளை அவள் சொல்லச் சொல்ல நான் திருகினேன். அந்த நேரம் பார்த்துக் கொய்யாப்பழ வண்டி ஒன்று சந்துக்குள் நுழைந்தது. அதை நிறுத்த இவள் ஓடினாள். அங்கிருந்தே கத்தினாள்.

“யம்மா, தூக்கு! தூக்கு!”

நான் ரசமட்டத்தைப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. “தூக்கு சரியா இருக்கு!” என்றேன்.

அவள் வந்து லென்ஸை மூடி, பிலிம் தட்டைச் சொருகச் சொல்லி, இடது கையால் விசையை அழுத்திவிட்டு, முன்பக்கம் போய்ப் பார்த்தாள்.

“எங்கம்மா தூக்குன? லென்ஸ் இருந்த இடத்துலயே இருக்கு!”

“நீ தூக்குப் பாக்கச் சொன்ன. பாத்தேன். ஒரு நூல்கூடச் சாயல.”

கொத்தனார் ‘தூக்கு’ என்றால், நூலில் குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. முப்பது வருஷம் எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. செல்வி கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அந்தக் கறுப்புத் துணிக்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

பிறகு லென்ஸைக் கடைசி வரைக்கும் ஏற்றிப் பார்த்தோம். அப்போதும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அடங்கவில்லை, மூலைகள் இருட்டிக்கொண்டு வந்தன. பின்னால் நகரலாம் என்றால் பன்னிரண்டாம் பிளாக் முதுகில் இடிக்கிறது. “நீ தூக்கியிருந்தாலும் வீண்தான் போம்மா” என்றாள். பெரிய மனசு.

வழி ஒன்றுதான். எதிர் பிளாக்கின் முதல் மாடி பால்கனியிலிருந்து எடுத்தால் பாதி உயரம் ஏற்கெனவே ஏறியாயிற்று, லென்ஸை அதிகம் ஏற்ற வேண்டாம். செல்வி போய்க் கதவைத் தட்டினாள். கீழே நின்ற எனக்கு ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. அவள் இறங்கி வந்து சொன்னாள்: “‘முதல்ல படம் எடுப்பீங்க, பின்னாடியே புல்டோசர் வரும், என் வீட்டுக்குள்ள கால் வைக்காதே’ங்கிறார்.” முகம் சிவந்திருந்தது. மறுபடி அந்தப் படி ஏற மாட்டேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை மழை. பிப்ரவரி மழைக்கு இந்த ஊரில் எலும்பு வரை குளிர்கிறது. மத்தியானம் அவளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. “அச்சா மேடம், அச்சா, சுக்ரவார் பக்கா” என்று சிரித்த குரலில் பேசினாள். சுக்ரவார் என்றால் வெள்ளிக்கிழமையாம். வைத்த பிறகு மிச்சமிருந்த பிலிமைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். ஒரு பிலிம் என்னால் போனது. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

புதன்கிழமை போனதும் செல்வி வேப்பமரத்தடியில் மூட்டையை இறக்கிவிட்டுச் சந்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். நான் பன்னிரண்டாம் நம்பர் படியில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கதவு திறந்திருந்தது. உள்ளே என் வயதை ஒட்டிய ஒரு அம்மாள் பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டக் கட்டக் கயிறு நழுவியது. என்னைப் பார்த்து என்னவோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. உட்கார்ந்து கயிற்றை வாங்கி, நாங்கள் சிமெண்டு மூட்டைக்குப் போடுகிற சுருக்கைப் போட்டேன். அவர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த சாக்கையும் என் பக்கம் தள்ளினார்.

ஐந்து சாக்குக் கட்டி முடித்ததும் இஞ்சி தட்டிப்போட்டு டீ தந்தார். கூடவே ஓமம் போட்டுப் பொரித்த உப்புப் பிஸ்கட்டு மாதிரி ஒன்று. நம் ஊர்த் தட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. நான் பால்கனியைக் காட்டினேன், எதிர்ச் சுவரைக் காட்டினேன், கண்ணுக்கு முன்னால் இரண்டு கையையும் சட்டம் போல் வைத்துக் காட்டினேன், வலது கையைத் தொட்டு ஒடிந்தது என்று காட்டினேன். அவர் எட்டிப் பார்த்து, மரத்தடியில் நின்ற செல்வியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் பெயர் கமலா. மலைப்பக்கத்துக்காரர். வந்து முப்பது வருஷமாக இதே வீடாம்.

வீட்டுக்காரர் ராவத் சாப்பாட்டுக்கு வந்தபோது நாங்கள் அவர் வீட்டிலேயே ராஜ்மா சோறு தின்றுகொண்டிருந்தோம். சிவப்புப் பயறு, மொச்சையைவிடப் பெரிது, குழம்பு கெட்டி. அவரைப் பார்த்ததும் நான் தட்டோடு எழுந்துவிட்டேன். அவர்கள் பேசியதைச் செல்வி பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

“முந்தாநாள் வேண்டாம் என்றேனே, இன்று சாப்பாடா?”

“அம்மாஜி அஞ்சு மூட்டை கட்டியிருக்காங்க. நீங்க பத்து நாளா ஒண்ணு கட்டினீங்களா?” என்றார் கமலா.

ராவத் உட்கார்ந்தார். “சரி. என் பால்கனியில் நின்று எதை எடுப்பீர்கள்?”

“எதிர் பிளாக்கை.”

“அதில் என்ன இருக்கிறது? காலி வீடு. என் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது இங்கே. என் வீட்டை எடுக்க மாட்டீர்களா?”

திங்கள்கிழமை படமே கூடாது என்றவர், இப்போது தன் வீட்டை விட்டுவிட்டதற்குக் கோபித்துக்கொண்டார். செல்வி தன் போனை எடுத்துக் கீழே போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “சாய்கிறதே. இடிக்காமலே விழுந்துவிடும் போலிருக்கிறதே. எதிர் வீட்டை இப்படியா எடுப்பீர்கள்?”

“இல்லை, பெரிய கேமராவில் நேராக எடுப்பேன்” என்று இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“என் வீட்டையும் அதே கேமராவில், அதே மாதிரி நேராக எடுங்கள். அப்புறம் பால்கனி உங்களுடையது.”

இரண்டே பிலிம். இவருக்கு ஒன்று போனால் ஆபீசுக்கு ஒன்றுதான், துணைக்கு வேறு கிடையாது. செல்வி என்னைத் தமிழில் கேட்டாள். “என்னம்மா செய்ய?”

“அவர் சோத்தைத் தின்னுட்டோம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

மத்தியானத்துக்கு மேல் வெயில் பன்னிரண்டாம் பிளாக் முகத்தில் விழுந்தது. காவலாளி பதினொன்றின் முதல் மாடியைத் திறந்துவிட்டார். வெறும் வீட்டில் எங்கள் குரல் திரும்பி வந்தது. செல்வி பால்கனிக் கதவோரம் நின்று சொல்ல, எல்லாம் என் கையாலேயே செய்தேன். இந்தத் தடவை அவள் “லென்ஸை மேல ஏத்தும்மா” என்று முழுசாகச் சொன்னாள். திருகாணியைத் திருகத் திருகக் கண்ணாடியில் கட்டடம் மெல்ல நகர்ந்து உள்ளே வந்தது, தண்ணீர்த் தொட்டியோடு. கண்ணாடியில் பென்சிலால் கட்டம் போட்டிருந்தது. சுவர் விளிம்பு கோட்டோடு ஒட்டி நின்றது. எதிரே கமலா பால்கனியில் வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். சந்துக்கு எதிர்ப்பக்கம் கத்திச் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. அப்படியே விசையை அழுத்தினேன்.

வியாழக்கிழமை காலை, ராவத் வீட்டுப் பால்கனி. அங்கே கேமரா நின்றால் ஒரு ஆள்தான் நிற்க முடியும். “இதை நானே பாத்துக்கிறேம்மா” என்று செல்வி உள்ளே போய்த் துணியை மூடிக்கொண்டாள். இடது கையாலேயே எல்லாம். பிலிம் தட்டில் வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் தகட்டை உருவும்போது சிரமப்படுவது தெரிந்தது. தட்டை ஒரு கை பிடிக்க வேண்டும், தகட்டை ஒரு கை உருவ வேண்டும். கையை நீட்டிப் பிடித்திருக்கலாம். கூப்பிடாமல் எப்படிப் போவது என்று நின்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லேபில் பிலிமைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரிண்டும் போட்டுக் கொடுத்தார்கள். பதினொன்றாம் நம்பர் படத்தில் மேலிருந்து கீழாக, கம்பளி நூல் பிரிந்த மாதிரி ஒரு வெளிச்சக் கீறல். தகட்டை உருவும்போது தட்டு லேசாகத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் நுழைந்துவிட்டதாம். பன்னிரண்டாம் நம்பர் படம் பளிங்கு மாதிரி இருந்தது.

லேபில் இருந்தவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தீதி, ரெண்டும் ஒரே பில்டிங் மாதிரிதானே இருக்கு. இந்தச் சுவர் நம்பரை மட்டும் மாத்திட்டா யாருக்குத் தெரியும்? அஞ்சு நிமிஷ வேலை.”

செல்வி கவரை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறினோம். சிக்னலில் நின்றபோது ஒரு தடவை, “அஞ்சு நிமிஷ வேலைங்கிறார்ம்மா” என்றாள். நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். மாற்றென்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. வேலை அவளுடையது. போகப்போவதும் அவளுடைய வேலைதான்.

ஆபீசில் மேடம் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சால்வைக்குள் கையை ஒளித்துக்கொண்டு போன செல்வி, மேஜைக்கு முன்னால் நின்றதும் அதை வெளியே எடுத்துவிட்டாள். மாவுக்கட்டோடு இரண்டு படத்தையும் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். கை ஒடிந்தது, கீறல் விழுந்தது, நல்லதாக வந்தது எதிர் வீடு என்பது. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

மேடம் ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்து, இந்தச் சுவர், அந்தச் சுவர் என்று அளந்தார். பிறகு கேட்டார், “நம்பரை யார் கேட்டார்கள்? எனக்கு வேண்டியது அந்த மாதிரி வீடு ஒன்று. இதுவும் அதே மாதிரிதான்.”

பிறகு படத்தில் பால்கனியின் மேல் விரலை வைத்தார்.

“மற்ற படமெல்லாம் ஆளில்லாத வீடு. இதில் ஒருத்தர் நிற்கிறார், துணி காய்கிறது. போகட்டும், யாரோ குடியிருந்தார்கள் என்று ஒரு படத்திலாவது தெரியட்டும். கட்டு எப்போது பிரிப்பார்கள்?”

“மூணு வாரம், மேடம்.”

“நாலு வாரம் கழித்து வா. அடுத்த வேலைக்கு அவசரமில்லை.”

படியிறங்கும்போது செல்வி நடுவில் நின்று சுவரில் சாய்ந்துகொண்டாள். “அந்த நம்பர மட்டும் மாத்தியிருந்தேன்னு வைய்யி, யாரும் கேக்காத பொய்யைச் சொல்லிட்டு வந்திருப்பேம்மா” என்றாள். வாசலில் வண்டிக்காரரிடம் ஆளுக்கு ஒரு கப் சக்கரவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்றோம். சுட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மசாலா தூவித் தருகிறார்கள். நம் ஊரில் கிழங்கை இப்படிப் புளிக்க வைத்தால் வீட்டில் சண்டை வரும். இரண்டு கப் தின்றேன்.

சனிக்கிழமை பெரிய பிரிண்டு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு பன்னிரண்டாம் நம்பருக்குப் போனோம். வாசலில் லாரி நின்றது, நான் கட்டிய மூட்டைகள் அதில் ஏறியிருந்தன. ராவத் படத்தை லாரியின் பலகையில் விரித்து, கல்லை மூலைக்கு மூலை வைத்து, ஜன்னல்களை எண்ணினார். விரலைச் சுவரோடு ஓட்டிக்கொண்டு போனார். “நேராக இருக்கிறது” என்றார். இந்தப் படம்தான் ஆபீசில் பத்திரமாக இருக்கப்போகிறது என்று செல்வி சொன்னதும் இன்னும் குனிந்து பார்த்தார். பார்த்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“கமலா! கொடியில் என் பைஜாமா! கிழிந்த பைஜாமா! இதுவும் அரசாங்கத்துக்குப் போகிறதா?”

கமலா லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவரிடம் இந்தியில் என்னவோ சொன்னார். செல்வி எனக்குச் சொல்வதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டதால், மூன்று தடவை ஆரம்பித்துத்தான் முடித்தாள்.

“‘அடுத்த மாசம் உங்களுக்கு ரிட்டையர்மென்ட். பைஜாமாவுக்காவது கவர்மென்ட் வேலை நிரந்தரமாச்சே’ங்கிறாங்கம்மா.”